எல்லா ஜெர்சிக்கும் ஒரே தோள்

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் பழைய நம்பருக்குப் போன் செய்தால் வேறு யாரோ ஒரு பெரியவர் எடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, "ராங் நம்பர்மா" என்பார். கடைசித் தடவை, "இன்னும் கிடைக்கலையா அவரு?" என்று அவரே கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதோடு விட்டுவிட்டேன். குட்டியின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வண்ணப் பென்சில் பார்சலின் மேல் உன் கம்பெனி முகவரி இருந்தது. பெட்டிகளுக்கும் பாட்டில்களுக்கும் லேபிள் வரைகிற கம்பெனி போலிருக்கிறது. அந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். உன் கைக்கு வந்து சேர்ந்தால் சரி.

குட்டி இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கடைப் பலகை, பஸ் பலகை, மருந்து அட்டை எதையும் விடுவதில்லை. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் படிப்பதில் பாதி காற்றாகப் போகிறது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாடியில் என்ன நடக்கிறது என்பதே அவர்கள் கவலை. நான் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் சேர்ந்திருக்கிறேன். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் பெயர் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் வாயைத் திறக்க முடியாமல் சொல்லும் பெயரை நான் ஒரு மாதிரி எழுதிக்கொள்வேன். உள்ளே கூப்பிடும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

அங்கே டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் பெண் கூடைப்பந்துப் பைத்தியம். நான் யாருடைய மனைவி என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள், உனக்கே தெரியும். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் போனை நீட்டினாள். "அக்கா, இதப் பாருங்களேன். யாரோ ஒரு ரசிகர், லீக்ல இருக்கற ஒவ்வொரு டீமுக்கும் புது யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வர்றாரு. காசுக்கு இல்ல, சும்மா ஆசைக்கு. டீம்ல இருக்கறவங்க போடறத விட இதுதான் அழகு" என்றாள்.

பார்த்தேன். துறைமுகத்து அணிக்குப் பழைய சட்டையிலிருந்த பல்லிளிக்கும் சுறாவை எடுத்துவிட்டு, ஈயச் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை. நெஞ்சுக்குக் கீழே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, கப்பலின் பக்கத்தில் தண்ணீர் ஏறி இறங்கிய தடம் போல. மலை நகரத்து அணிக்குக் கரும்பச்சை, தோளில் மட்டும் வெளுத்துக்கொண்டே போகிறது. சுரங்க ஊர் அணிக்கு முழுக் கறுப்பு. கையைத் தூக்கினால் மட்டும் அக்குள் ஓரத்தில் ஒரு நெருப்பு நிறம் தெரியும் என்று எழுதியிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்று பார்த்தேன், இரண்டு பார்த்தேன், அடுத்ததைத் தள்ளும்போதுதான் நான் சட்டையைப் பார்க்கவில்லை என்று எனக்கே உறைத்தது.

சட்டைக்குள் இருந்த உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை உடம்பு. கழுத்தோடு நேராக வெட்டியிருக்கிறது, தலை கிடையாது. இடது தோள் வலது தோளை விடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடது கைக் கட்டைவிரல் ஷார்ட்ஸ் பட்டியில் மாட்டியிருக்கிறது. எடை முழுதும் வலது காலில்.

கதைகளில் இந்த இடத்தில் கையில் இருப்பது கீழே விழும். எனக்கு எதுவும் விழவில்லை. அடுத்து வந்தவரின் பெயரைச் சரியாக எழுதினேன். உள்ளே அனுப்பினேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த உடம்பு எந்தப் போட்டோவிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதை எடுத்தது நீதானே. கிளப்பில் உன் அண்ணனுக்கு முதல் யூனிஃபார்ம் கொடுத்த அன்று, மாடியில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். பின்னால் துணிக்கொடி தெரிகிறது என்று என்னைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாய். "சீக்கிரம் எடுடா, உங்கண்ணிக்குக் கை மரத்துப் போகுது" என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் கழுத்தெலும்பு முறிந்து சேர்ந்ததிலிருந்து அந்தத் தோள் அப்படித்தான். எந்தச் சட்டை போட்டாலும் அந்தப் பக்கம் ஒரு மடிப்பு விழும். இஸ்திரி போட்டவள் நான். எனக்குத் தெரியாதா.

அந்தப் படங்களுக்குக் கீழே யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். சட்டையைப் புகழ்ந்து, எழுத்தைப் புகழ்ந்து. ஒருவர், "மாடலுக்குத் தோள் கோணலா இருக்கு, டெம்ப்ளேட்ட மாத்துங்க" என்று எழுதியிருக்கிறார். எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லாத நீ அவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய்: "மாற்ற முடியாது." இன்னொருவர், எல்லா எண்ணும் வருகிறது, எட்டு மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் இல்லை.

தம்பி, நான் உன்னைக் கோபித்துக்கொள்ள எழுதவில்லை. உன் அண்ணனின் கடைசி ஆட்டத்தை நான் டிவியில் பார்த்தவள். ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். யாரும் இடிக்கவில்லை, வழுக்கவில்லை. ஏதோ ஷூ கயிறு கட்ட உட்கார்கிறார் என்றுதான் நினைத்தேன். கம்பியைத் தாண்டிக் குதித்து முதலில் ஓடினவன் நீ. எனக்கு முன்னால் எல்லாவற்றையும் கிட்டத்திலிருந்து பார்த்தவன். அடக்கம் ஆன மாதமே நீ ஊரை விட்டுப் போனபோது, அதைப் பார்த்த இடத்தில் இருக்க முடியாமல்தான் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு வரி எழுது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அங்கே பேச யாராவது இருக்கிறார்களா. அது போதும்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமில்லாத,
அண்ணி

●

தம்பிக்கு,

என் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நீ பதில் போட்டுத் தெரியவில்லை. படங்களை எல்லாம் எடுத்துவிட்டாய், அதனால் தெரிந்தது.

கருவி எடுத்துக் கொடுக்கும் பெண்தான் காலையில் வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "அக்கா, எல்லாம் போயிடுச்சு. ஒண்ணு கூட இல்ல. நம்ம ஊர் டீமுக்கு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு, அதுக்குள்ள மூடிட்டுப் போயிட்டாரு." ஏதோ வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித் திரும்பி வந்தவள் மாதிரி இருந்தாள். நான் அன்றைக்கு அவளிடம் நான் யாரென்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு வருத்தப்பட்டேன். நல்ல பெண்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் படங்களை அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானாகக் காட்டவில்லை. குட்டி என் போனை எடுத்து, "இவருக்கு ஏன் தலையே இல்ல?" என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அப்பா என்றால் அலமாரி மேல் இருக்கும் சிரித்த முகம் மட்டும்தான். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்கள். நான் பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். அவர்கள் அழவில்லை. "இந்த நீலம் இவனுக்கு எடுக்கல. முன்னப் போட்டிருந்த பச்சைதான் நல்லா இருந்துச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டார்கள்: "இன்னிக்கு என்ன சட்டை போட்டிருக்கான்?"

தோளில் மாட்டிய பையைக் கீழே இறக்கி வைத்தேன். போனை எடுத்துக் காட்டினேன். ரயில்வே ஊர் அணிக்கு நீ போட்டிருந்தது, இரண்டு பக்கமும் பட்டை இறங்கி அடியில் ஒன்று சேருமே, அது. அத்தை தலையை ஆட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தினமும் கேட்டார்கள். புதிது வராத நாளில் பழையதில் ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். பக்கத்து வீட்டம்மா வந்திருந்தபோது, "பெரியவன் இப்பல்லாம் கறுப்பு போடறான், எனக்குப் பிடிக்கல" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டாள்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பின் தெருவில் பிள்ளைகள் பந்து தட்டும் சத்தம் கேட்டால் டிவியை மெதுவாக்கிவிட்டுக் கேட்கிறார்கள். நானும் ஒன்றும் தெளிவாக இல்லை, தம்பி. ஒரு சாயங்காலம் குட்டியின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பார்த்தால், தோளில் அந்த மடிப்பு வரும் இடத்தில் தண்ணீர் தெளித்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். அந்தச் சட்டையில் மடிப்பே இல்லை. கை தானாகச் செய்கிறது. வீட்டில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பார்க்காதபோது சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

படங்கள் போவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை ஒரு கேள்வி கேட்டார்கள். "எல்லா சட்டையும் போட்டு முடிச்சிட்டான்னா, அப்புறம் என்ன பண்ணுவான்?"

 உன் அண்ணன் ஆடிய நம் ஊர் அணிக்கு நீ போடாமல் தள்ளிக்கொண்டே போனது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது அத்தை கேட்கிறார்கள், காட்ட ஒன்றுமில்லை. "இன்னிக்கு லீவு அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன். "தெனமுமா லீவு?" என்கிறார்கள். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் ஆறும் வரை தொடுவதில்லை. இரண்டாம் தடவையாக ஒருவரை அனுப்பி வைத்த வீடு மாதிரி இருக்கிறது.

என் கடிதத்தைக் கண்டு நீ பயந்திருந்தால் அது என் எழுத்தின் கோளாறு. அவற்றைத் திரும்பப் போடு. புதிதாக எதுவும் வரைய வேண்டாம். நம் ஊர் அணிக்கு ஒருநாளும் போட வேண்டாம். இருந்ததை மட்டும் இருந்தபடி வை.

இன்னொரு செய்தி. கிளப் மேனேஜர் போன் செய்தார். எட்டாம் எண்ணை இத்தனை நாள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். புதிதாகச் சேரும் ஒரு ஆட்டக்காரர் சின்ன வயதிலிருந்தே அந்த எண்ணில்தான் ஆடியவராம். வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நேரில் வருகிறார்களாம். நான் வரச் சொல்லிவிட்டேன். என்ன சொல்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. எழுத மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

●

தம்பிக்கு,

படங்களைத் திரும்பப் போட்டுவிட்டாய். பார்த்தேன். அதற்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுத முடியாத நிலையில் இருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே, கடைசி வரை படி.

மேனேஜர் வந்தார். கூடவே அணியின் பிசியோதெரபிஸ்ட்டும் வந்திருந்தார். உனக்கு அவரைத் தெரியும், சதா சூயிங்கம் மென்றுகொண்டு, உன் அண்ணனைக் 'கொக்கு' என்று கூப்பிடுவாரே, அவர். இப்போது மெல்வதில்லை. மேனேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அண்ணன் ஆடிய ஆட்டங்களை எல்லாம் அத்தையிடம் எடுத்துச் சொன்னார். அத்தை, "அதெல்லாம் எனக்குத் தெரியும், டீ குடிங்க" என்றார்கள்.

மேனேஜருக்கு ஏதோ போன் வந்து வாசலுக்குப் போனார். பிசியோதெரபிஸ்ட் டீக் கோப்பையை வைக்க வருகிறவர் போலச் சமையலறை வரை வந்துவிட்டார். கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்மா. உங்க கொழுந்தன் எப்படி இருக்காரு? அவருக்கு நெஞ்சு டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்தீங்களா?"

எதற்கு என்றேன்.

"இவருக்கு இதயத்துச் சதை தடிச்சுப் போயிருந்துச்சுன்னு சொன்னாங்கல்ல. அது ரத்த சொந்தத்துல வரக் கூடியது. கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் பாத்துக்கணும். ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஏன் கேக்கறேன்னா, அந்த சீசன் நடுவுல உங்க கொழுந்தன் என்கிட்ட தனியா வந்தாரு. ஒருத்தருக்கு ஓடும்போது நெஞ்சு இறுக்குது, கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடுது, தொடர்ந்து விளையாடலாமான்னு கேட்டாரு. யாருக்குன்னு கேட்டேன். ஃப்ரெண்டுக்குன்னாரு. உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுன்னு சொல்லிட்டு நான் என் வேலையப் பாக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் யோசிச்சா, தனக்குத்தான் கேட்டாரோ, அவருக்கும் இருக்குதோன்னு பயமா இருக்கு. அதான் கேட்டேன்."

பாவம், அந்த மனுஷர் உன் உயிருக்குப் பயந்துகொண்டு வந்திருக்கிறார். உனக்காகக் கேட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மட்டும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, நீ யாருக்காகக் கேட்டாய் என்று.

அவர்கள் போன பிறகு நான் என்ன ஆனேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இவன் தெரிந்தே இருந்திருக்கிறான். தெரிந்துகொண்டே கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறான். என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறான். படங்களை எடுத்துப் பார்த்தேன். ஊர் ஊராக நீ அவருக்கு உடுப்பு மாட்டி நிறுத்தியிருக்கிறாய், எதிலும் முகம் இல்லை. அந்தத் தலையை வெட்டியது நீதான் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை. உன் படங்களுக்குக் கீழே, இந்த உடம்பு யாருடையது தெரியுமா என்று எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று கூட நினைத்தேன். எழுத்தெல்லாம் தட்டி வைத்தேன். அனுப்பவில்லை.

குட்டியை முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் ஏதோ குளிர்ந்த பசை தடவி ஒரு கருவியை வைத்து நகர்த்தினார்கள். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்து உருண்டாள். அசையாமல் இரு என்று அந்தப் பெண் செல்லமாக அதட்டிக்கொண்டே இருந்தாள். திரையில் குட்டியின் இதயம் திறந்து திறந்து மூடியது. ஒரு சின்ன வாய் எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது போல் இருந்தது. நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வளர வளர அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். குட்டி அங்கிருந்த பலகையை எல்லாம் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன். சின்னவனுக்கு முன்னாலேயே தெரியுமாமே அத்தை, உங்களுக்குத் தெரியுமா என்று.

அத்தை கையிலிருந்த துண்டை மடித்து முடித்துக் கீழே வைத்தார்கள். "அன்னிக்கே தெரியும்" என்றார்கள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல என் மடியில மொகத்தப் புதைச்சுக்கிட்டுச் சொன்னான். 'சீசன் முடியட்டும், அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அதுவரைக்கும் வீட்டுல மூச்சு விடாதடான்னு அண்ணன் சொன்னாம்மா. நான் சொல்லாம இருந்துட்டேன்மா'ன்னு சொன்னான். அண்ணிகிட்ட போய்ச் சொல்றேன்னு எழுந்தான். நான்தான் அவன் வாயப் பொத்தினேன். போடா, எங்கயாவது தூரமா போயிடுன்னு அனுப்பி வச்சவளும் நான்தான்."

ஏன் அத்தை என்றேன். 

"ஒருத்தன மண்ணுல வச்சிட்டேன். இன்னொருத்தன் தெனம் உன் கண்ணு முன்னால நடமாடுவான், நீ அவனப் பாக்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு எரியும். எத்தன நாள் தாங்குவ? குழந்தையத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் கெளம்பிடுவ. அவனாவது எங்கயாவது உசுரோட இருக்கட்டும், நீ என்கூட இருன்னு நெனச்சேன். வேற எனக்கு என்ன பண்ணத் தெரியும்?"

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அங்கே தொட்டி பக்கத்தில் நின்று அழுதேன். யார் மேல் என்று தெரியாமல் அழுதேன். உன் மேல், அத்தை மேல். கடைசியில், இத்தனை காலத்தில் முதல் தடவையாக, அவர் மேல். உன் அண்ணன் 'சொல்லாதே' என்று சொன்னால் அதை மீறுகிற ஆள் நம் வீட்டில் யார் இருந்தோம்? அதட்டிச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே தோளில் கையைப் போட்டுச் சொல்வார். தானே பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு, பயத்தை எல்லாம் தம்பியின் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போய் ஆடியிருக்கிறார். நீ அப்போது படிப்பு முடித்து ஒரு வருஷம் கூட ஆகாதவன். அவருக்குத் தெரியாமல் பிசியோதெரபிஸ்ட் வரை போய்க் கேட்டிருக்கிறாய். அவ்வளவுதான் உன்னால் முடிந்திருக்கிறது. மேலே ஒருபடி போயிருக்கலாமே என்று இன்னும் மனசு சொல்கிறது. அது சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதை உன்னிடம் மறைத்து நான் நல்லவள் மாதிரி எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

கீழே இறங்கி வந்தபோது அத்தை அதே இடத்தில், நான் கிளம்பிவிடுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தார்கள். மீதித் துணியை நான் மடித்தேன். ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டேன். அவர்களுக்கு வாய் கோணிக்கொண்டு போனது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

மேனேஜரிடம் எட்டாம் எண்ணைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆட்டக்காரரின் நெஞ்சைப் பரிசோதித்துப் பாருங்கள் என்றேன். "இப்பல்லாம் எல்லாருக்கும் பாக்கறோம்மா" என்றார். பார்ப்பது சரி, முடிவை அவர் வீட்டுக்கும் சொல்லுங்கள், அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். சரி என்றார்.

அதற்குப் பிறகு அத்தை, இன்று என்ன சட்டை என்று கேட்பதில்லை. நேற்று அவர்களாகவே படத்தைக் காட்டச் சொன்னார்கள். துறைமுகத்து அணியின் சட்டை. கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டார்கள். "எவ்வளவு நேரா போட்டிருக்கான் பாரு, சின்னவன்" என்றார்கள். உன் பெயரே எடுக்காமல் இருந்தவர்கள். அன்றைக்கு உன்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். நீ சின்ன வயதில் சுவரில் கரியால் வரைந்து வாங்கிய அடி வரைக்கும்.

வீட்டில் அவர் இன்னும் இருக்கிறார், தம்பி. பொய் சொல்லமாட்டேன். சில வேளை மாடிப்படியில் யாரோ இரண்டிரண்டாகத் தாவி ஏறுவது போலிருக்கும். நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அவரை ஒவ்வொரு ஊருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் அதை விட எனக்குப் பயமாக இருக்கிறது. நம் ஊர் அணிக்கு வரைவதும் வரையாமல் விடுவதும் உன் இஷ்டம். அதை வரைந்து முடித்தால் அவர் போய்விடுவார் என்று பயப்படாதே. அவர் போய்விட்டார். நான் அதைத்தான் இப்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் உன்னைக் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்ததும் டாக்டரிடம் போ. அண்ணனுக்கு இப்படி ஆயிற்று என்று முதல் வார்த்தையாகச் சொல். அவர்களே எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். தனியாகப் போகாதே. அங்கே வேலை செய்கிற யாரையாவது கூட்டிக்கொண்டு போ. யாரும் இல்லையென்றால் எனக்குச் சொல், நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

ஓடும்போது மூச்சு முட்டினாலும், நெஞ்சில் ஒரு சின்னப் பிடிப்பு வந்தாலும், ஒன்றுமே இல்லை என்று டாக்டர்கள் சொன்னாலும், முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இல்லை. என்னிடம். யார் சொல்லாதே என்று சொன்னாலும் சொல். நான் இதே வீட்டில், இதே நம்பரில்தான் இருக்கிறேன். எடுப்பேன்.

நரை விழுந்து, பல் விழுந்து, நீ நெடுங்காலம் இருக்க வேண்டும்.

அண்ணி